கதவு திறந்த ஹெலிகொப்டரில் நாங்கள் போனது

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். எழுத உட்கார்ந்தது அதிகம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகொப்டரில் எப்படிப் பத்திரமாகப் போவது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரியவந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அடைமழையில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் சுவர் என் வீட்டுக்காரரின் இடுப்பில் விழுந்தது. ஹட்டன் டவுனுக்குப் போகும் பாதை பல இடங்களில் அறுந்து கிடந்தது. பனிமூட்டம் விலகாமல் ஹெலிகொப்டரும் வர முடியவில்லை. அவர் வலியில் கிடந்தார். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைப்பார் என்று சொன்னார்கள்.

மூட்டம் கொஞ்சம் கலைந்த ஒரு காலையில் ஹெலிகொப்டர் பாடசாலை மைதானத்தில் வந்து இறங்கியது. ஆண்கள் அவரை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் கிடத்தித் தூக்கி, வழக்கம்போல மேட்டுப் படிக்கட்டில் இறங்கினார்கள். லயத்திலிருந்து எங்கே போவதென்றாலும் எங்களுக்கு மேலேயிருந்து இறங்கித்தான் பழக்கம். விமானப்படைக்காரர் ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்து மறித்தார். மேலே விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து வந்தால் அது கழுத்து உயரம். வாலில் இன்னொன்று இருந்தது, அது சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. சரிவுக்குக் கீழே போய், ஓட்டுகிறவர் பார்க்கும்படி முன்பக்கமாகக் குனிந்து வரவேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

தேயிலைக்குள் இறங்கிச் சுற்ற வேண்டியதாயிற்று. தூக்கியவர்களுக்குக் கால் வழுக்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் முனகினார். எதிர் மலையில் மூட்டம் மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தது.

தலைத்துணி பறந்து விசிறியில் மாட்டினால் எல்லாருக்கும் ஆபத்து என்று அவிழ்க்கச் சொன்னார்கள். உள்ளே தரையில்தான் உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் கதவு திறந்தே இருந்தது. படைக்காரர் ஒரு பட்டியை நீட்டினார். நான் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டேன். கொழுந்துக் கூடையின் கயிறு இத்தனை வருடமாக அங்கேதான் இருந்திருக்கிறது. கை முறிந்து எங்களோடு வந்த பக்கத்துக் காம்பரா மதினி என் காதுக்குள் கத்தினாள்.

"கொழுந்தெடுக்க மலைக்கா போறோம்? இடுப்புல கட்டுங்க."

படைக்காரர் சிரிக்கவில்லை. பட்டியை என் இடுப்பில் இறுக்கித் தரையில் இருந்த வளையத்தில் மாட்டினார். அவரும் ஒரு நீளப் பட்டியில் தன்னை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

வீட்டுக்காரரின் தலை மதினி பக்கம், கால் என் பக்கம். மேலே எழும்பியதும் காற்று மூச்சை அடைத்தது. மதினி குனிந்து அவர் வாயில் காதை வைத்துக் கேட்டு, என்னிடம் சத்தமாகச் சொன்னாள்.

"காலு இருக்கான்னு கேக்குறாரு."

"இருக்குன்னு சொல்லுங்க. நான்தான் புடிச்சிருக்கேன்."

அவள் சொன்னாள். பிறகு என்னைப் பார்க்காமல், "புடிச்சிருக்கிறது தெரியலயாம்" என்றாள்.

தலைமாட்டுக்குப் போய்விடலாம் என்று பட்டியின் கொக்கியில் கை வைத்தேன். படைக்காரர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழற்றக் கூடாது என்று தலையை ஆட்டினார். அவர் செய்தது சரி. கதவுக்கும் எனக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கீழே மலைகள் சிவப்பாகக் கிழிந்து கிடந்தன. நான் வீட்டுக்காரரின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அது சில்லென்று இருந்தது.

மதினி மறுபடியும் குனிந்து கேட்டாள்.

"கதவு தொறந்து கெடக்காம். உங்களப் பாத்து உக்காரச் சொல்றாரு."

இறங்கிய பிறகும், கை காட்டும்வரை யாரும் எழும்பக் கூடாது என்றார்கள். அவரை முதலில் இறக்கினார்கள். என் பட்டியைக் கடைசியாகத்தான் கழற்றினார்கள். நான் குனிந்தபடி வெளியே வந்தபோது அம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தோட்டத்துக்குப் பாதை திறக்கவில்லை, அந்த ஊரிலேயே அடக்கம் செய்தோம்.