பிளேனடியில் ஒரு தேங்காய்

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கல்லடியில் என் வீட்டுக் கேற்றடியில் ஒரு ஜப்பான்காரர் நின்றார். கையில் வெள்ளைப் பூங்கொத்து.

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஒரு மாணவனும் பூவோடு வந்ததில்லை. ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து நின்றால் என்ன நினைப்பது? நம் எழுத்தின் புகழ் கடல் கடந்துவிட்டது என்றுதானே! மனைவியைக் கூப்பிட்டு, விருந்தாளிக் கோப்பையில் தேநீர் கொண்டுவரச் சொன்னேன்.

கடல் கடந்தது உண்மைதான். ஆனால் பூ எனக்கில்லை.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் விமானப் பைத்தியம் தெரியும். அதிலும் ஜப்பான் விமானம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் 'பிளேனடி' பற்றி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மட்டக்களப்பு வாவியில், அக்கரையான படுவான்கரைக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப் போகும் மிதவை இருக்கிறதே... நம் ஊரில் 'பாதை' என்போம். அது ஓடும் துறைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் இடம்தான் பிளேனடி. அங்கே வலை போட்டால் கிழியும்.

ஏன் கிழிகிறது? நாற்பத்திரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் வந்து, நமக்கு நேரே கடலில் ஒரு பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போயின. அன்று அவற்றில் ஒன்று வாவிக்குள் விழுந்ததாம். அதன் எஞ்சின்தான் வலையைக் கிழிக்கிறதாம். சொன்னவர் சாமித்தம்பி அண்ணன். வாவியில் மீன் பிடிப்பவர். அவருக்குச் சொன்னவர் அவருடைய அப்பா. விழுந்ததைக் கண்ணால் கண்டவர். செத்தவன் யாராயிருந்தாலும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்று, வருடத்துக்கொரு தரம் தோணியில் போய் அந்த இடத்தில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார். அவருக்குப் பிறகு மகன் உடைக்கிறார்.

இதை இப்படியே எழுதியிருந்தால் வம்பில்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? 'இது ஜீரோ ரகப் போர் விமானமாக இருக்கலாம் என வல்லுநர்கள் கருதுகின்றனர்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வல்லுநர்கள் யார்? நான்தான். வேறு யாரையும் கேட்கவில்லை.

வந்தவர் பெயர் மோரி. அறுபது வயதிருக்கும். பத்திரிகைக்காரர்கள் அந்தக் கட்டுரையை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவருடைய போன் அதை ஜப்பானிய மொழிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவருடைய தாய்மாமா அந்த ஏப்ரலில் இந்தக் கரைக்கு வந்து திரும்பாதவர். அம்மாவுக்கு வயது தொண்ணூறு தாண்டிவிட்டது. அண்ணன் போகும்போது அவர் சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான். அண்ணன் எங்கே?

எந்த அலுவலகமும் பதில் சொல்லவில்லையாம். நான் சொல்லியிருந்தேன்... பாதைத் துறைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பது வரை!

தேநீர் எனக்குப் புரையேறியது.

எஞ்சினில் ஒரு இலக்கத் தகடு இருக்கும், அதை வைத்து மாமாவின் விமானம்தானா என்று கண்டுபிடிக்கலாம் என்றார் மோரி. என்னால் மறுக்க முடியுமா? ஓட்டமாவடி இஸ்மாயில் காக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். பழைய ஜப்பான் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டி விற்பவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கையால் தடவி எஞ்சினின் சாதகம் சொல்வார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

இரண்டு தோணிகளில் போனோம். சாமித்தம்பி அண்ணனோடு நாங்கள் மூவரும் ஒன்றில், கயிறு இழுக்க வந்தவர்கள் மற்றதில். போகும் வழியில் நான் சும்மா இருந்தேனா? ஜப்பான்காரருக்கே ஜப்பான் விமான வரலாறு படிப்பித்தேன். ஜீரோ எவ்வளவு தூரம் பறந்தது, எவ்வளவு லேசானது, எடையைக் குறைக்க விமானிக்கு ஒரு பாதுகாப்புத் தகடுகூட வைக்காமல் விட்டது... போருக்குப் பிறகு விமானம் கட்டவே கூடாது என்று தடை வந்தது. குண்டுவீச்சு விமானத்தில் மிஞ்சிய வால் சில்லுகளை எடுத்து ஸ்கூட்டருக்குப் பூட்டினார்கள். விமானம் வரைந்த கைகள் காரும் ரயிலும் வரைந்தன. அறுபதுகளில் ஒரு பயணிகள் விமானம் வந்தது. அண்மையில் ஒரு ஜெட்டையும் செய்து பறக்கவிட்டு, சான்றிதழ் எடுத்து முடியாமல் கைவிட்டார்கள். சண்டைக்கு அனுப்பும்போது யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, சனத்தை ஏற்றும்போதுதான் கேட்கிறார்கள் என்று ஒரு பகிடியும் விட்டேன்.

மோரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் மிகப் பணிவாக ஒன்று சொன்னார். மாமா ஜீரோவில் பறக்கவில்லையாம். அது இருவர் ஏறும் குண்டுவீச்சு விமானம். மாமாவுக்குப் பின் ஆசனம். வாலைப் பார்த்தபடி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்று அவருக்குக் கடைசியாகத்தான் தெரிந்திருக்கும் என்றார்.

அதன் பிறகு பிளேனடி வரும்வரை தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன்.

சாமித்தம்பி அண்ணன் கயிற்றோடு மூழ்கினார். மூன்றாம் தரம் மேலே வந்து, கட்டியாயிற்று என்று கையைக் காட்டினார். எல்லோருமாக இழுத்தோம். சேறும் சிப்பியும் கிழிந்த வலைத் துண்டுகளுமாக ஒன்று தோணிக்குள் வந்து விழுந்தது. ஒரு ஆள் கட்டிப் பிடிக்கக்கூடிய பருமன்.

மோரி பூங்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

இஸ்மாயில் காக்கா சேற்றை வழித்தார். தடவினார். இன்னும் கொஞ்சம் வழித்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"சேர், இது பறக்கிற சாமான் இல்ல."

"அப்ப?"

"இரண்டு சில்லு உழவு மெசின்ட எஞ்சின். பாதையில ஏத்தி அங்கால வயல் வட்டைக்குக் கொண்டு போகக்குள்ள விழுந்திரிக்கும். ஜப்பான் சாமான்தான், அதில மட்டும் பிழையில்ல."

காதுக்குள் சொன்னதாக அவர் நினைப்பு. இரண்டு தோணிக்கும் கேட்டது. மோரிக்குத் தமிழ் தேவைப்படவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த சின்னத் தகட்டை அவர் ஏற்கெனவே வாசித்துவிட்டார்.

எனக்கு வாவியில் குதித்துவிடலாம் போலிருந்தது. வெட்கம். ஒரு வரி சேர்த்த வெட்கம். ஒரு கிழவியின் கடைசிக் கேள்விக்கு உழவு மெசினைப் பதிலாக அனுப்பிவிட்டேனே!

மோரி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்தத் தகட்டில் இருக்கும் கம்பெனியும் ஒரு காலம் போர் விமானம் கட்டியதுதான் என்றார், ஆறுதலாக. உண்மையைச் சொல்கிறேன்... அந்தக் கணத்திலும் எனக்குள் ஒரு சின்ன உற்சாகம். அப்படியென்றால் நான் எழுதியது முழுப் பிழையில்லையே! விமானத்தின் தம்பி என்று சொல்லலாமே! வீட்டுக்கு வந்து மனைவியிடம் இந்த நியாயத்தைச் சொன்னபோது, அவள் விருந்தாளிக் கோப்பையைக் கழுவி அலுமாரியில் பூட்டினாள்.

சாமித்தம்பி அண்ணன்தான் பாவம். ஈரம் சொட்டச் சொட்ட எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தலைமுறையாக உடைத்த தேங்காய்.

"அப்பா பொய் சொல்லல்ல," என்றார் கடைசியில். "விழுந்தத அவர் கண்டவர். இடந்தான் எங்களுக்குப் பிழைச்சிட்டு."

மோரி அம்மாவுக்குப் போன் எடுத்தார். திரையில் தலையணையில் சாய்ந்தபடி ஒரு சிறிய முகம். அவர்கள் பேசியது எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் மோரி போனைத் திருப்பி எஞ்சினைக் காட்டினார். பொய் சொல்லவில்லை. அந்த முகம் திரைக்குக் கிட்ட வந்தது. பிறகு ஏதோ கேட்டது.

மோரி ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். அம்மாவுக்கு ஒன்று தெரிய வேண்டுமாம். இது உழவு மெசின் என்று தெரிந்துவிட்டதே, இனி அந்தத் தேங்காய் உண்டா?

சாமித்தம்பி அண்ணன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

"தேங்காய் எஞ்சினுக்கு உடைச்ச இல்ல, ஆளுக்குத்தான் உடைச்ச எண்டு அவவுக்குச் சொல்லுங்க சேர். ஆள் இந்த வாவிக்குள்ளதான் எங்கயோ கிடக்கார். வருசா வருசம் உடைப்பன்."

சொன்னேன். மோரி சொன்னார். திரையில் அந்த முகம் மெல்லக் குனிந்தது. குனிந்தபடியே கனநேரம் இருந்தது. எங்கள் தோணியில் நாலு ஆம்பிளைகளும் நாலு திசையைப் பார்த்தோம். நான் அழுதேன். வெயில் என்று சொல்ல மாட்டேன்.

மோரி பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார்.

இஸ்மாயில் காக்காவுக்கு எஞ்சினில் ஒரு கண். எப்படியும் ஒன்றிரண்டு சாமான் கழற்றலாம் என்றார். சாமித்தம்பி அண்ணன் விடவில்லை. கயிற்றை அறுத்து, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்பத் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டேன். அடுத்த வருடம் இடம் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

தப்பாக எழுதினால் திருத்தம் போட வேண்டும் என்பது பத்திரிகை முறை. போட்டுவிடுகிறேன்.

விமானம் பற்றி எழுதியது பிழை. தேங்காய் பற்றி எழுதியது சரி.