கல் வாய்க்காலில் மூன்றாவது கோடு

இன்று ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பஸ்ஸில், எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக் கல் வாய்க்காலைக் கண்டதும் பக்கத்து சீட் துணிக்கடை பாய் சொன்னார்: "இது ராஜா காலத்து வேலைங்க."

"வெள்ளக்காரன் கட்டுனதுங்க," என்றார் கண்டக்டர்.

"அப்ப இந்த எழுத்து?" பாய் முன்பு எடுத்த படத்தைப் போனில் நீட்டினார். கல்லில் ஆறு கோடுகள்.

நான் குனிந்து படத்தைப் பார்த்தேன்.

அந்த வாய்க்காலில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஆறும் தண்ணீர் பிடித்தன. வீட்டுக்கொரு கோடு, கோட்டுக்கு நேரே அந்த வீட்டு வாளி. சண்டை வராமலிருக்க அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கீறியவை.

"அது எங்கப்பா கீறுனதுங்க."

பாய் சிரித்தார். "உங்களுக்கு வரலாறு தெரியலங்க."

வாய்க்காலைக் கட்டியது யாரென்று எனக்கும் தெரியாதுதான். ஆனால் மூன்றாவது கோடு எங்கள் வீடு.

மிச்ச ஐந்து வீட்டுக்காரர்களே, எங்கே இருக்கிறீர்கள்? யாராவது வந்து பாயிடம் சொல்லுங்கள்.