தலை வருது

பங்குனி மாத ஞாயிறுகளில் நானும் மனைவியும் ரிக்‌ஷா பிடித்து அருவித் தோட்டத்துக்குப் போவோம். ஓடைப் பாறையில் பாய் விரித்துப் புளிச்சோறு தின்பதும், தண்ணீரில் கால் நனைத்துக் கிடப்பதும்தான் எங்கள் சுகம்.

அங்கே இலை கூட்டுகிற ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், சாயம்போன காக்கி அரைக்கால் சட்டை. ஓரமாகக் கூட்டும்போதும் ஒரு காலை ஓடைக்குள்ளேயே வைத்திருப்பார்.

அன்று நல்ல வெயில். திடீரென்று குரங்குகளின் சத்தம் அடங்கிவிட்டது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“தலை வருது. கரை ஏறுங்கம்மா.”

தோட்டத்துத் துரை வருகிறார் என்று நினைத்த என் மனைவி, சிரித்துக்கொண்டே சோற்றுச் சட்டியை மூடினாள்.

“துரை இல்லம்மா. மலாய்க்காரங்க கெப்பாலா ஆயர்னு சொல்வாங்களே, தண்ணியோட தலை. மேல மழை. தண்ணி சில்லுனு ஆயிடுச்சு,” என்று பாயைப் பிடித்து இழுத்தார்.

நாங்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் ஓடை செம்மண் நிறத்தில் எழும்பி வந்து சட்டியைக் கொண்டுபோனது. பாறை இருந்த இடமே தெரியவில்லை.

நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் மறுபடியும் ஒரு காலைத் தண்ணீரில் விட்டு நின்றார்.

“இது சின்னதுலா அண்ணே. பெருசு இன்னும் வரல.”

அன்று அது வரவில்லை. வெயில் பளீரென்று அடிக்கிற பங்குனி நாட்களில் இன்றும் எந்த ஓடையைக் கண்டாலும் முதலில் ஒரு காலை விட்டுப் பார்க்கிறேன்.