ஆனி கடைசி ஞாயிறு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவளைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது என்பார் என் வீட்டுக்காரர். மாப்பிள்ளை சட்டையில் பட்டன் கோணலாக இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேனாம். பொய் இல்லை. இருபத்திரண்டு வருடமாக டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, ஒவ்வொரு பீஸாகப் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பீஸ் பிரித்துச் சரிசெய்ய ஆல்டருக்குப் போகும். சரியாக இருப்பது என் கண்ணில் நிற்பதே இல்லை. அது தன்பாட்டுக்குக் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் தெருவில் பிள்ளைகள் காப்பகம் கட்டி முடியும் சமயத்திலும் இந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

காப்பகம் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவள் எதிர் வீட்டுக்காரி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள், என்னைவிடச் சின்னவள், டெய்லர். அம்மா அப்பா இரண்டு பேரும் ராத்திரி எட்டு வரை கம்பெனியில் இருந்தால் பிள்ளை எங்கே இருக்கும்? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு பல வருடம் அலைந்தாள். மனு, கையெழுத்து, மறுபடியும் மனு. பாதியில் நாங்கள் எல்லோரும் சலித்துப்போனோம். அவள் விடவில்லை. கடைசியில் இடம் கிடைத்து, சுவர் எழும்பி, கூரையும் வந்துவிட்டது. அதற்குள் அவள் மகன் வளர்ந்து, ஓசூரில் வேலைக்குப் போய், கல்யாணமும் முடித்திருந்தான்.

ஆனி மாதம் பெயிண்ட் அடித்தார்கள். ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் எதுவும் ஆவணிக்குத்தான். அந்த வாரம் பார்த்துத்தான் அவள் மகன் போன் செய்தான். மருமகளுக்கு ஆடியில் பிரசவம். தாய் இல்லாத பெண். நீ வந்து இனி எங்களோடவே இரு என்று சொல்லி, ஆனி கடைசி ஞாயிறு சாயங்காலத்துக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

"யக்கா, அன்னைக்குக் காலையிலயே பாலக் காச்சிருவோம். பாத்துட்டுக் கெளம்பிருதேன்" என்றாள்.

"ஆகட்டும் புள்ள" என்றேன். சொன்ன கையோடு, வேலை எந்த லட்சணத்தில் இருக்கிறது பார்ப்போம் என்று கட்டடத்துக்குள் போனேன். என் கெட்ட நேரம், ஸ்டிக்கர் ஷீட் பையிலேயே இருந்தது.

பெயிண்ட் வழிந்த இடம், கதவுச் சந்து, தரையில் மேடு. ஒட்ட ஒட்டக் கை நிற்கவில்லை. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும். மறுநாள் மேஸ்திரி சுவர்களைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இதென்ன பனியனுங்களா, ஆல்டர் பண்ணிக் குடுக்கறதுக்கு? இத்தனையும் பாக்கோணும்னா ஆடி பொறந்துருமுங்க."

"பொறக்கட்டுமுங்க. இத்தனை வருசம் பொறுத்தாச்சு, அரைகொறையா எதுக்குங்க? ஆவணியில தொறந்துக்கலாம்."

தெருக்காரர்கள் கூடிப் பேசியபோதும் இதையே சொல்லி முடித்துவிட்டேன். என் வாய்க்கு எதிர்வாய் ஏது? அவள் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு நல்ல காரியத்தைப் பழுதில்லாமல் செய்கிறோம் என்ற மிதப்பில் இருந்தேன்.

சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது காப்பகத்தை எட்டிப் பார்த்தேன். அவள் தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே இருந்த ஜன்னல் மற்ற ஜன்னல்களைவிட ஒரு முழம் தாழ்வாக இருந்தது. அதிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன்.

"மேஸ்திரி அளவு தப்பிட்டாரு புள்ள. இடிச்சு ஏத்தி வெக்கச் சொல்லியிருக்கறேன்" என்றேன்.

"அது தப்பில்லக்கா. நாந்தான் அப்படி வைக்கச் சொன்னேன்." சொல்லிவிட்டு அந்த ஜன்னலைப் பார்த்தாள். "என் பையன வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுத்தான வேலைக்குப் போவேன். நான் வாரேனான்னு பாக்க அவனுக்கு ஜன்னல் எட்டாது. கொடத்தக் கவுத்துப் போட்டு ஏறி நிப்பான். ஒரு நாள் விழுந்து நெத்தி கிழிஞ்சு, அழுது அழுது ரத்தத்தோட அப்படியே தூங்கிட்டான். எட்டு மணிக்கு வந்துதான்க்கா நான் பாத்தேன்."

எட்டி அந்த ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்தேன்.

"இங்க ஒரு பிள்ள அழுவாமத் தூங்குறதப் பாத்துட்டுப் போவணும்னு இருந்தேன். சரி, விடுங்க. ஆவணியில போட்டோ அனுப்புங்க."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. எதிர் வீட்டிலேயே இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறேன் பாருங்கள். அழுகையும் வந்தது, என் மேலேயே ஆத்திரமும் வந்தது. அங்கிருந்து நேராக மேஸ்திரி வீட்டுக்குத்தான் போனேன்.

"நாளைக்குக் காலையிலயே பால் காச்சறோமுங்க. எதையும் இடிக்க வேண்டாமுங்க."

"குத்தம் பாத்தா சுற்றமில்லைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார் அந்த மனுசன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே வந்துவிட்டது. பால் பொங்கியதும் பெண்கள் குலவை இட்டார்கள். அன்றைக்கு நான் சுவர் பக்கமே திரும்பவில்லை, முகங்களைத்தான் பார்த்தேன். எத்தனை சந்தோஷம், அடேயப்பா! போட்டோ எடுக்க அவளைத் தேடினால் ஆளைக் காணோம்.

உள்ளே அந்தத் தாழ்ந்த ஜன்னலுக்குக் கீழே இருந்தாள். பக்கத்துக் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரப் பெண்ணின் கைக்குழந்தையை வாங்கி, பழைய புடவையை விரித்துப் படுக்கப் போட்டு, தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை காலை உதைத்தது, சிணுங்கியது, பிறகு கண் சொருகித் தூங்கிப்போனது. நான் சத்தம் காட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அவள் போன் அடித்தது. சட்டென்று எடுத்தாள். மகன்தான். மூட்டை கட்டியாயிற்றா என்று கேட்டிருப்பான் போல.

"மெதுவாப் பேசுலே, பிள்ள தூங்குது" என்றாள். அவன் எங்கே இருக்கிறாய் என்று கேட்டது எனக்கும் கேட்டது.

அவள் குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒனக்காகக் கேட்ட எடத்துலதாம்லே இருக்கேன். இப்பத்தான் குடுத்தாங்க."