வடிக்காத எண்ணெய்

எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றலாம், வடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, காரையும் பூஜையறை விளக்கைப் போலவே நடத்தினார். குறைந்ததை நிரப்புவார், பழையதை வெளியேற்றுவது எரிகிற விளக்கைக் கவிழ்ப்பதற்கு ஒப்பு. எழுபதுகளின் இறுதியில் அந்த அம்பாசடர் நீலப்புகை கக்கியபடி ஓடிற்று. வயதான வண்டி அதிகம் குடிக்கும் என்று சொல்லி, அவர் மேலும் ஊற்றினார்.

தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடந்ததால், வலி கண்டதும் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பரிசோதனை முடிந்து திரும்புகையில், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் வண்டி நின்றுபோயிற்று. வெயிலில் பேருந்துக்குக் காத்திருந்த அக்கா வெடித்தாள்.

"யப்பா, இனி இதுல ஏற மாட்டேன். உங்க பேரப்பிள்ளைய ரோட்டுலயா பெறச் சொல்லுதிய?"

"விளக்குல எண்ணெ கொறைஞ்சா ஊத்தத்தானட்டி செய்தோம்?"

"விளக்கு திருநவேலிக்கா போவுது?"

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுத்துப்போனார். எண்ணெய் வடிக்கும் அடித்திருகைக் கழற்றியதும் கரிய களிதான் மெல்ல இறங்கியது.

"அண்ணாச்சி, இத ரோட்டுக்கே போடலாம் போலுக்கே!" என்றார் மெக்கானிக்.

அந்தக் கசடு பிஸ்டன் வளையங்களை இறுக்கிப் பிடித்திருந்தது. உள்ளே கசிந்த எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். முகூர்த்த மாதம், வாடகைக் கார் நிச்சயமில்லை. வீட்டில் யாரும் ஓரிடத்தில் அமரவில்லை. அக்கா புரண்டு படுத்தாலே அம்மா எழுந்து நின்றாள். அப்பா கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தார். துணியை அளந்துகொண்டிருக்கும்போதே கஜக்கோலை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் புத்தகத்தை விரித்து, ஒரே பக்கத்தில் நின்றேன்.

வண்டி வந்து சேர்ந்த வாரத்தில், ஒரு காலையில் வலி கண்டது. புகையில்லாமல் ஓடிய காரைப் பாதி வழியில் அப்பா நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெய் அளவுகோலை உருவினார்.

"இப்பமா பாப்பிய?" என்று பல்லைக் கடித்தாள் அக்கா.

"கொறையல மக்கா, கொறையல" என்றபடி ஓடிவந்து அமர்ந்தார்.

அறுவை செய்து பெண்குழந்தையை எடுத்தார்கள். அதன் பிறகு, மெக்கானிக் சொன்ன கெடுவுக்குள் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற அப்பா ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அவரும் அம்மாவும் இன்று இல்லை. அக்கா இருக்கிறாள், அன்று பிறந்தவள் அவளோடு இருக்கிறாள்.