ஆறு கடையிலும் இல்லாத மாத்திரை

புதுவயல் அரிசி ஆலையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை கல்யாணசுந்தரிக்கு. வயது முப்பத்தாறு. ஒரு திங்கட்கிழமை பச்சரிசி ஏற்றிய லாரிக்குப் புழுங்கல் என்று எழுதிவிட்டாள். லாரி திருச்சி வரை போய்த் திரும்பி வந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தவறு.

“மனசை எங்க வச்சுக்கிட்டு எழுதுறீக?” என்று மேலாளர் மாயக்கண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்.

பள்ளிக்கூடத்திலும் இதே கேள்விதான். இன்றைக்கும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்கப் போவாள். துணியைப் பாதியில் போட்டுவிட்டு வேறெதையோ தேடுவாள். வீட்டில் அதற்குப் பெயர் அசட்டை.

அந்த வாரமே அவள் தேடிப்போன மதுரை மனநல மருத்துவர் நெடுநேரம் விசாரித்துவிட்டு, இது கவனக்குறைவுக் கோளாறு, சிறுவயதிலிருந்தே இருந்திருக்கிறது என்றார். மாத்திரை உண்டு, கூடவே, வேலையைச் சிறுசிறு துண்டாகப் பிரித்துச் செய்யப் பழக வாராவாரம் பயிற்சி. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்படியானால் இத்தனை வருடம் வாங்கிய திட்டெல்லாம் எதற்கு?

காரைக்குடியில் ஆறு மருந்துக்கடை ஏறி இறங்கினாள். கடைசிக் கடைக்காரர் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கணக்குக் காட்டணும்னு கெடுபிடியான மருந்து, அக்கா. இங்குட்டு யாரும் வாங்கி வைக்கிறதில்ல. யாருக்கு இது?”

“எனக்குத்தான்.”

அவர் ஏற இறங்கப் பார்த்தார். அவள் சீட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

மறுபடி மதுரை. மருத்துவர் வேறு மாத்திரை எழுதினார். அது எளிதில் கிடைக்கும். பலன் தெரியத்தான் வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் முழுக்கக் குமட்டல். பயிற்சிக்குச் சனிக்கிழமை லீவு கேட்டால், “லோடு போற நாள்” என்றார் மாயக்கண்ணன். போனிலேயே பயிற்சி என்று ஏற்பாடாயிற்று. முதல் நாளே போனை எடுக்க மறந்துபோனாள். மறதிக்கு வைத்தியம் பார்க்கப் போயும் மறதி! தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாவது வாரம் ஒரு காலை முழுக்க அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். ஆலையில் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் முத்துக்கருப்பனிடம் சொன்னாள்.

“அப்பச் சரியாயிருச்சுல்ல? மாத்திரையை நிறுத்திரு” என்றான் அவன்.

“கண்ணாடி போட்டா எழுத்துத் தெரியுதுன்னு, நீங்க கண்ணாடியைக் கழட்டி வச்சிர்றீகளா?”

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் இரண்டு சீட்டில் தேதி மாறியிருந்தது. லாரி கிளம்புமுன் அவளே கண்டுபிடித்துத் திருத்தினாள். அந்த நேரம் பார்த்து வந்த மாயக்கண்ணன், “இன்னும் மாறலையா நீங்க?” என்றார். நறுக்கென்று பதில் நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கல்யாணசுந்தரி பதிலை விழுங்கிவிட்டு வண்டி எண்ணை எழுதினாள். எழுதியதை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள்.