சொல்லாமல் வந்த விருந்தாளி

‘அந்தக் காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார்கள். அந்த அன்பெல்லாம் எங்கே போனது?’ என்று நகரத்தின் மறுகோடியில், ஹொல்ம்லியாவில் இருக்கும் நண்பர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். கீழே வரிசையாக அழுமூஞ்சிகள்.

அந்த அன்பு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் கோடியில், ஸ்டோவ்னரில் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று மணி அடித்துக்கொண்டிருந்தது. நானும் மனைவியும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சோபாவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக் குந்தியிருந்தோம்.

ஆனாலும் பழசை நினைத்து உருகும் முட்டாள்களில் நானும் ஒருவன். நண்பர் என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பார் என்று உண்மையாகவே நம்பி, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி மாம்பழத்தோடு ரயிலேறினேன். சொல்லவில்லை.

மணியை அடித்தேன். உள்ளே கத்திக்கொண்டிருந்த சீரியல் சட்டென்று ஊமையானது. மீன் பொரிக்கும் மணத்தை அப்படி நிறுத்த முடியவில்லை.

“ஆரோ வந்து நிக்கினம். அசையாதையும்,” என்று நண்பர் மனைவியிடம் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது.

“அண்ணை, நான்தான். மீன் கருகப்போகுது!”

“பேசாமல் இருங்கோப்பா,” என்றது மனைவியின் குரல். “கொஞ்சத்தாலை போயிடுவார்.”

மீன் கருகியது. கதவு திறக்கவில்லை.

திரும்பும் ரயிலில் மாம்பழம் ஒன்றைக் கடித்தபடி கைபேசியைப் பார்த்தேன். நண்பர் குழுவில் புதிதாக எழுதியிருந்தார்: ‘இப்ப ஆர் வீட்டுக்கு ஆர் வருகினம்?’

நானும் ஓர் அழுமூஞ்சி போட்டேன்.